வேண்டுமென்றே அவுட், வேண்டுமென்றே ஓவர்: ஃபோகஸ், எக்ஸ்போஷர் சோதனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகைப்படம் கற்றுக்கொள்ள வருபவர்கள், கண்காட்சியில் ஒரு மங்கலான படத்தின் முன் நின்று புருவம் சுருக்குபவர்கள், போட்டிக்குப் படம் அனுப்பித் திரும்பப் பெற்றவர்கள் என்று பலரிடமிருந்தும் ஒரே சந்தேகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துப் பேசுவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

கான்செப்ச்சுவல் ஃபோட்டோகிராஃபின்னா என்ன? நாம எடுக்குற ஃபோட்டோவுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

வழக்கமாக ஏதோ ஒன்று கண்ணில் படுகிறது, எடுக்கிறோம். கருத்துப் புகைப்படத்தில் யோசனை முதலில் வருகிறது. அந்த யோசனைக்கு எந்த லென்ஸ், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் முடிவாகிறது.

இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் ஜப்பானியரான ஹிரோஷி சுகிமோட்டோ. ஒரு முழுத் திரைப்படத்தையும் ஒரே ஃபிரேமில் எடுத்தால் என்ன வரும் என்று 1976-ல் அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. தியேட்டரில் கேமராவை வைத்து, படம் தொடங்கும்போது ஷட்டரைத் திறந்தார். படம் முடியும்போது மூடினார். இரண்டு மணி நேரப் படம் என்றால் நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 1,72,800 ஃபிரேம்கள். அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, திரை ஒரு வெறும் வெள்ளைச் செவ்வகமாக நிற்கிறது. அந்த வெளிச்சத்தில் தியேட்டரின் தூண்களும் கூரை வேலைப்பாடுகளும் காலி நாற்காலிகளும் துலங்குகின்றன. கதை முழுக்க அதில் இருக்கிறது, ஒரு காட்சிகூடக் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்தை அளக்கும் கேமரா மீட்டர் சொல்லும் கணக்கில் அந்தத் திரை மிக மோசமான ஓவர் எக்ஸ்போஷர், அதாவது அளவுக்கு மீறி வெளிச்சம் விழுந்த படம். யோசனையின் கணக்கில் அது ஒன்றுதான் சரியான எக்ஸ்போஷர்.

ஃபோகஸ், எக்ஸ்போஷர் ரெண்டையும் சுருக்கமா சொல்லிடுங்களேன்.

லென்ஸிலிருந்து எந்தத் தூரத்தில் இருப்பது தெளிவாக விழ வேண்டும் என்று வைப்பது ஃபோகஸ். சென்சார் அல்லது ஃபிலிம் மீது மொத்தம் எவ்வளவு வெளிச்சம் விழ விடுகிறோம் என்பது எக்ஸ்போஷர். அதை அபர்ச்சரின், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின், அகலமும் ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் தீர்மானிக்கின்றன. விழுந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்பதை ஐஎஸ்ஓ சொல்கிறது. ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரட்டிப்பாகும், ஒரு ஸ்டாப் இறக்கினால் பாதியாகும். இந்த ஒரு கணக்கு மனதில் நின்றால் கீழே வரும் எல்லாம் புரியும்.

கேமரா 'சரியான எக்ஸ்போஷர்'னு காட்டுதே, அது எதை வச்சு சரி?

எதிரில் இருப்பது என்ன என்று மீட்டருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் சராசரியாக்கினால் நடுத்தரச் சாம்பல் வரும், அதாவது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு பரப்பு, என்ற அனுமானத்தில் அது ஓடுகிறது. வெள்ளையடித்த சுவரை ஃபிரேம் முழுக்க நிரப்பி ஆட்டோவில் எடுத்துப் பாருங்கள், சாம்பலாக வரும். கருப்புக் கம்பளியை அதேபோல் எடுங்கள், அதுவும் சாம்பல். இன்றைய கேமராக்கள் முகத்தையும் காட்சியையும் அடையாளம் கண்டு ஓரளவு திருத்திக்கொள்கின்றன, ஆனாலும் அடிப்படை அதுதான்.

அதனால் கேமரா சொல்லும் 'சரி' ஒரு சராசரி. உங்கள் படத்தின் பொருள் சராசரியில் இல்லை என்றால் மீட்டரை மீறுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ஃபோட்டோ அவுட் ஆயிடுச்சுன்னா தப்புதானே? அதை எப்படி கலைன்னு சொல்றீங்க?

எல்லா மங்கல் படத்தையும் கலை என்று நான் சொல்லவில்லை. நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: அதே படம் துல்லியமான ஃபோகஸில் இருந்திருந்தால் அதே விஷயத்தைச் சொல்லியிருக்குமா? சொல்லியிருக்கும் என்றால் மங்கல் வெறும் அலங்காரம், எடுத்துவிடலாம். தெளிவாக எடுத்ததும் யோசனையே செத்துப்போகிறது என்றால் அந்த மங்கல் தேவையானது.

சுகிமோட்டோ 1997-ல் தொடங்கிய கட்டிடக்கலை வரிசையைப் பாருங்கள். ஈஃபில் கோபுரம், நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் என்று உலகம் அறிந்த கட்டிடங்களை, பெரிய ஃபார்மட் கேமராவில் லென்ஸை முடிவிலிக் குறியையும், அதாவது மிகத் தொலைவுக்கான ஃபோகஸ் குறியையும், தாண்டித் தள்ளி முழுக்க அவுட்டாக எடுத்தார். நல்ல கட்டிடம் இந்த அளவு கரைத்த பிறகும் தன் உருவத்தை விடாது என்பதுதான் அவர் வைத்த பரீட்சை. ஜன்னல், கம்பி, செங்கல் எல்லாம் போய்விட, கட்டிடக் கலைஞர் மனதில் முதன்முதலாக எழுந்திருக்கக்கூடிய வடிவம் மட்டும் மிஞ்சுகிறது. அதைக் கூர்மையாக எடுத்திருந்தால் ஒரு நல்ல அஞ்சலட்டை கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

இன்னொருவர் அமெரிக்கரான பில் ஜேக்கப்சன். எய்ட்ஸ் நோய் ஒரு தலைமுறையையே கொண்டுபோய்க்கொண்டிருந்த 1990-களின் தொடக்கத்தில் அவர் எடுத்த முகங்கள் வெளிறி, விளிம்பில்லாமல், வெள்ளைக்குள் மறையப்போகும் நிலையில் இருக்கின்றன. அங்கே ஃபோகஸ் இல்லாததற்குக் காரணம் கேட்கவே தோன்றாது.

ஷேக் ஆனது, ஆள் நகர்ந்தது, ஃபோகஸ் போனது... எல்லாமே மங்கல்தானே?

மூன்றும் வேறு. இதைப் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் இந்த வேலையில் முதல் பயிற்சி என்பேன். ஃபோகஸ் போனால் ஒவ்வொரு புள்ளியும் வட்டமாகப் பரவும். இடத்தின் தூரமே கரையும். கேமரா ஆடினால் ஃபிரேமில் உள்ள எல்லாமே ஒரே திசையில் இழுபடும். பார்ப்பவருக்கு 'எடுத்தவர் ஆடினார்' என்று படும். ஆள் நகர்ந்தால் சுவர் கூர்மையாக இருக்கும், ஆள் மட்டும் ஆவியாவார். அங்கே பேசப்படுவது நேரம்.

ரஷ்யரான அலெக்சி டிடாரென்கோ, சோவியத் ஒன்றியம் உடைந்த கையோடு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எடுத்த 'நிழல்களின் நகரம்' வரிசையில் மூன்றாவது வகையைத்தான் பயன்படுத்தினார். மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டில் ஏறும் கூட்டம் புகையாகத் திரண்டு கிடக்கிறது. படத்தை நெருங்கிப் பார்த்தால் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் மட்டும் கைகள் தெரிகின்றன. உடல்கள் நகர்ந்துகொண்டே இருந்தன, கம்பியைப் பற்றிய கைகள் கொஞ்ச நேரம் நின்றன, அதனால் அவை பதிந்தன. எதையாவது பிடித்துக்கொண்டு நின்ற காலம் அது என்பதைச் சொல்ல இதைவிட என்ன வேண்டும்? இதே காட்சியை அவுட் ஆஃப் ஃபோகஸில் எடுத்திருந்தால் கைகளும் போயிருக்கும், கம்பியும் போயிருக்கும்.

பிரான்செஸ்கா உட்மன் 1970-களில் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பாழடைந்த வீடுகளுக்குள் தன்னையே எடுத்த படங்களும் இந்த வகைதான். சுவரில் உரிந்த காகிதத்தின் ஒவ்வொரு கிழிசலும் தெளிவாக இருக்கும், அவர் உடல் மட்டும் நழுவும்.

படம் கூர்மையா இருந்தே ஆகணும்ங்கிற விதி எப்ப வந்தது? யார் போட்டாங்க?

விதி என்று யாரும் போடவில்லை, ஆனால் சண்டை புகைப்படக்கலை அளவுக்கே பழசு. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் 48 வயதில், 1863-ன் இறுதியில், இங்கிலாந்தில் தன் முதல் கேமராவைப் பெற்றார். ஃபிலிமுக்கு முந்தைய முறையான, ரசாயனம் பூசி ஈரம் காயுமுன் எடுக்கும் கண்ணாடித் தட்டில், நிமிடக்கணக்கில் ஆளை உட்காரவைத்து எடுத்த அவருடைய முகங்கள் மென்மையாக வந்தன. ஃபோகஸே தெரியாத அம்மா என்று அன்றைய புகைப்பட இதழ்கள் எழுதின. லென்ஸைத் திருகும்போது கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்திலேயே நிறுத்திவிட்டதாகவும், மற்றவர்கள் வற்புறுத்தும் கூர்மைக்காக அதற்கு மேல் திருகவில்லை என்றும் அவர் பின்னாளில் எழுதினார். எது சரியான ஃபோகஸ் என்று சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்கு 1864-ல் எழுதிய கடிதத்தில் கேட்டவரும் அவரே.

நமக்கு இதில் நெருக்கமான ஒரு செய்தி உண்டு. கேமரன் 1875-ல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். குடும்பத்துக்கு அங்கே தோட்டங்கள் இருந்தன. தோட்டத்தில் வேலை பார்த்தவர்களையும் அவர் படமெடுத்தார், தமிழர்களும் அவர்களில் உண்டு. பெயர் குறிக்கப்படாத அந்த முகங்களைப் பார்க்கும்போது, இங்கிலாந்தில் கவிஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் கொடுத்த அதே மென்மையை இவர்களுக்கும் கொடுத்தாரா, அல்லது தூரத்தில் நிறுத்தினாரா என்று ஒவ்வொருவரும் தாங்களே பார்த்து முடிவு செய்ய வேண்டும். 1879-ல் மலையகத்தில் இறந்தார்; கல்லறை பொகவந்தலாவை தேவாலயத்தில் இருக்கிறது.

கூர்மை ஒரு கொள்கையாகவே ஆனது 1932-ல். எட்வர்ட் வெஸ்டன், ஆன்சல் ஆடம்ஸ், இமோஜன் கன்னிங்ஹாம் முதலானோர் கலிஃபோர்னியாவில் 'எஃப் 64' என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். பெரிய கேமரா லென்ஸின் மிகச் சிறிய துளைகளில் ஒன்றின் எண் அது. முன்னாலிருக்கும் கல் முதல் பின்னாலிருக்கும் மலை வரை எல்லாம் தெளிவாக வரும். ஓவியம்போல மங்கலாக்கிய அன்றைய படங்களுக்கு அது ஒரு எதிர்ப்பு. 1968-ல் டோக்கியோவில் தொடங்கி மூன்றே இதழ்கள் வந்த 'ப்ரோவோக்' பத்திரிகைக்காரர்கள், தக்குமா நகாஹிராவும் டைடோ மொரியாமாவும், எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார்கள்: சொரசொரப்பு, ஆட்டம், ஃபோகஸ் தவறல். கிளர்ச்சிகளால் கலங்கியிருந்த ஊரை அழகாகப் படமெடுப்பது பொய் என்று அவர்களுக்குப் பட்டது. ஆக, கூர்மையும் ஒரு காலத்தின் கருத்து, மங்கலும் ஒரு காலத்தின் கருத்து.

என்கிட்ட ஃபோன் மட்டும்தான் இருக்கு. இதையெல்லாம் செய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். ப்ரோ மோட் இருக்கும் ஃபோனில் ஃபோகஸ், ஷட்டர் இரண்டையும் கையால் வைக்கலாம். இல்லாவிட்டால் ஒரு வழி: லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால் கையை நீட்டி, திரையில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டுத் தெருவைப் பாருங்கள். தெரு விளக்குகள் வட்டங்களாகிவிடும். எக்ஸ்போஷருக்கு, பூட்டிய இடத்துக்குப் பக்கத்தில் வரும் சூரியச் சின்னத்தை மேலும் கீழும் இழுத்தால் போதும்.

நைட் மோடை மட்டும் அணைத்துவிடுங்கள். அது பல ஃபிரேம்களை எடுத்து ஒன்று சேர்த்து, நீங்கள் விரும்பும் அசைவையே துடைத்துவிடப் பார்க்கும்.

வெள்ளையா இருந்தா கனவு, கருப்பா இருந்தா சோகம். அப்படித்தானே?

அப்படி அகராதி போட்டுக்கொண்டால் படம் வாழ்த்து அட்டையாகிவிடும். ஒரே ஓவர் எக்ஸ்போஷர் ஒரு இடத்தில் கனவாகவும் இன்னொரு இடத்தில் குற்றச்சாட்டாகவும் இருக்கும்.

பிரிட்டிஷ்காரரான பால் கிரஹாம் 1998 முதல் 2002 வரை அமெரிக்காவில் எடுத்த 'அமெரிக்கன் நைட்' வரிசை இதற்குப் பெரிய சான்று. பெரும்பாலான படங்கள் கிட்டத்தட்ட வெற்றுக் காகிதம்போல வெளிறியிருக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் சாலையோரத்தில் தனியாக நடந்துபோகும் ஒருவர் தெரிவார், பெரும்பாலும் கறுப்பினத்தவர், ஏழை. இடையிடையே திடீரென்று நீலவானத்தின் கீழ் புத்தம்புதிய வீடும் காரும் முழு வண்ணத்தில் வரும். கண்ணெதிரே இருப்பவரைக் காணாமல் கடந்துபோகும் ஒரு சமூகத்தின் பார்வையை அவர் எக்ஸ்போஷரிலேயே செய்துகாட்டினார். அந்த மனிதரைத் தேட நாம் எடுக்கும் முயற்சிதான் படம்.

மறுமுனையில், நியூயார்க் ஹார்லமில் வாழ்ந்த ராய் டிகாராவா. அவருடைய அச்சுகள் ஆழ்ந்த சாம்பலிலும் கருப்பிலும் இருக்கும். அங்கே சோகத்தைவிட அன்பும் நெருக்கமும்தான் அதிகம். கண் பழகப் பழக, அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு கன்னமும் ஒரு சட்டை மடிப்பும் வெளிவரும்.

கருப்பான முகத்தை எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஏத்தணுமா, இறக்கணுமா?

நம் ஊரில் இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, வரவும் வேண்டும். சாம்பல் கணக்கை மேலே சொன்னேன். முகம் ஃபிரேமை நிறைத்தால் மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். தோல் இருப்பதைவிட வெளுத்து வரும். அப்போது அரை முதல் ஒரு ஸ்டாப் இறக்குங்கள். பின்னால் வெள்ளைச் சுவரோ வானமோ இருந்தால் நேர்மாறு: மீட்டர் சுவரைப் பார்த்துப் பயந்து முகத்தை இருட்டாக்கும், ஒரு ஸ்டாப்போ அதற்கு மேலோ ஏற்ற வேண்டும். ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங் இருந்தால் முகத்தில் அளந்து அங்கிருந்து இறக்குவது இன்னும் நல்லது.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. கோடக் நிறுவனம் 1950-களிலிருந்து லேப்களுக்கு அனுப்பிய 'ஷர்லி கார்டு' என்ற அளவுகோல் படத்தில் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தார். அவர் தோல் சரியாக வந்தால் வண்ணம் சரி என்று லேப்கள் நினைத்தன. தொழில்நுட்பத்தின் 'சரி'யில் யார் கணக்கில் இருந்தார்கள், யார் இல்லை என்பதற்கு இதைவிட நேரான சாட்சி இல்லை. உங்கள் அம்மாவின் முகத்தை அவர் நிறத்திலேயே, வெளுக்காமல், விவரம் இழக்காமல் எடுப்பது என்னைப் பொறுத்தவரை தானே ஒரு கருத்துப் படம்.

பகல்ல நீண்ட எக்ஸ்போஷர் வச்சா வெறும் வெள்ளையாத்தான் வருது. என்ன பண்றது?

வெளிச்சத்தைக் குறைக்க, லென்ஸின் முன் மாட்டும் கருங்கண்ணாடியான என்.டி. ஃபில்டர் வேண்டும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16, ஷட்டர் 1/125 என்பது பழைய கணக்கு. பத்து ஸ்டாப் ஃபில்டர் போட்டால் வெளிச்சம் ஆயிரத்தில் ஒன்றாகும், ஷட்டர் 8 நொடிக்குப் போகும். அதன்மேல் ஆறு ஸ்டாப் ஃபில்டரையும் சேர்த்தால் ஏறக்குறைய 9 நிமிடம். அவ்வளவு நேரத்தில் நடந்துபோகிறவர் பதியவே மாட்டார், நிற்பவர் மட்டும் பதிவார். புகைப்படக்கலையின் முன்னோடிகளில் ஒருவரான பிரெஞ்சுக்காரர் டாகேர் 1838-ல் பாரிஸ் தெரு ஒன்றை எடுத்தபோது இதுதான் நடந்தது: வண்டிகளும் மனிதர்களும் மறைந்துபோய், ஷூவுக்குப் பாலிஷ் போட நின்ற ஒருவர் மட்டும் நின்றார். ஃபிலிமில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நேரம் கூடக்கூட ஃபிலிமின் உணர்திறன் குறையும், கணக்கிட்டதைவிடக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். டிஜிட்டலில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் சென்சார் சூடாகிப் புள்ளிகள் வரும்.

இதன் எல்லையைத் தொட்டவர் ஜெர்மானியரான மைக்கேல் வெஸ்லி. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் இடித்துக் கட்டப்பட்டபோது 2001 ஆகஸ்டில் திறந்த ஷட்டரை 2004 ஜூனில்தான் மூடினார். பழைய கட்டிடமும் புதிய கட்டிடமும் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரிய, வானத்தில் சூரியன் நாள்தோறும் போன தடம் கோடுகோடாகக் கிடக்கிறது.

ஒண்ணுமே இல்லாத இடத்துல ஃபோகஸ் வச்சா?

நான் மிகவும் விரும்பும் பயிற்சி இது. பெர்லினில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் வாழும் ஊட்டா பார்த் 1990-களில் 'கிரவுண்ட்' வரிசையை இப்படித்தான் செய்தார். போர்ட்ரெய்ட்டுக்கு ஆள் நிற்கும் தூரத்தில் ஃபோகஸ். ஆனால் ஆள் இல்லை. பின்னாலிருக்கும் சுவர், ஜன்னல், விளக்கு எல்லாம் இதமாக மங்கியிருக்கின்றன. பார்ப்பவர் தன்னையறியாமல் அந்தக் காலி இடத்தில் யாரையோ தேடுகிறார்.

வீட்டில் செய்து பாருங்கள். ஒருவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, அபர்ச்சரை நன்றாகத் திறந்து, எஃப் 1.8 அல்லது 2.8-ல் முகத்துக்கு ஃபோகஸ் வைத்து மேனுவலுக்கு மாற்றுங்கள். இப்போது அவரையும் எழச் சொல்லி, நாற்காலியையும் அகற்றிவிட்டு எடுங்கள். எஃப் 16-ல் செய்தால் பின்சுவரும் ஏறக்குறைய தெளிவாகிவிடும், விஷயம் நடக்காது.

ஒரே ஃபிரேம்ல ரெண்டு மூணு தடவை எடுத்தா எக்ஸ்போஷர் எப்படி வைக்கணும்?

இரண்டு முறை என்றால் ஒவ்வொன்றும் ஒரு ஸ்டாப் குறைவு, நான்கு முறை என்றால் இரண்டு ஸ்டாப் குறைவு. முதல் படத்தின் இருண்ட பகுதியில்தான் இரண்டாவது படம் நன்றாக இறங்கும், அதை நினைவில் வைத்துச் சட்டகம் அமையுங்கள். சில கேமராக்கள் இந்தக் கணக்கைத் தாமே போட்டுக்கொள்கின்றன, மெனுவைப் பாருங்கள்.

எல்லாத்தையும் ஷார்ப்பா எடுத்துட்டு அப்புறம் கம்ப்யூட்டர்ல மங்கலாக்கினா போதாதா?

சில வேளை போதும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. லென்ஸில் ஃபோகஸ் தவறும்போது ஒரு தெருவிளக்கின் முழு ஒளியும் வட்டமாகப் பரவி, பளிச்சென்ற தட்டாக நிற்கும். கூர்மையாக எடுத்த ஃபைலில் அந்த விளக்கு ஏற்கெனவே வெள்ளையின் உச்சத்தில் வெட்டுப்பட்டுவிட்டது. மென்பொருள் அதைப் பரப்பினால் மங்கிய சாம்பல் கறைதான் வரும். போர்ட்ரெய்ட் மோடின் மங்கல் காதோர முடியிலும் கண்ணாடிச் சட்டத்திலும் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள்.

எக்ஸ்போஷர் விஷயத்தில் டிஜிட்டல் கொஞ்சம் இடம் கொடுக்கும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் இருட்டைப் பின்னர் தூக்கலாம், வெட்டுப்பட்ட வெள்ளையை மீட்க முடியாது. அதனால் கடைசியில் வெளிறிய படம்தான் வேண்டும் என்றாலும், எடுக்கும்போது விவரத்தைக் காப்பாற்றிவிட்டுப் பிறகு ஏற்றுவது பாதுகாப்பு. கலர் நெகட்டிவ் ஃபிலிமில் நேர்மாறு. வெளிச்சம் கூடினால் தாங்கும், குறைந்தால் தாங்காது.

போட்டிக்கு அனுப்பினேன். 'டெக்னிக்கலி வீக்'னு தள்ளிட்டாங்க. அப்ப நான் பண்ணது தப்பா?

படத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது, ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, பல கிளப் போட்டிகளில் நடுவர்கள் சில நொடிகளில் மதிப்பெண் போட வேண்டும். எஃப் 64 காலத்துக் கண்தான் அங்கே பெரும்பாலும் வேலை செய்கிறது. உங்கள் படத்துக்கு அது சரியான இடம் இல்லாமல் இருக்கலாம்.

இரண்டு, தனிப்படமாக அனுப்பினீர்களா? மேலே சொன்ன ஒருவரும் ஒற்றைப் படத்தோடு நிற்கவில்லை, எல்லாம் வரிசை. ஒரு மங்கல் படம் கைதவறலாகத் தெரியும். அதே தூரத்தில், அதே அளவில் மங்கிய பத்துப் படங்களைச் சுவரில் வைத்தால் யாரும் கைதவறல் என்று சொல்ல மாட்டார்கள். 'கொஞ்சமாக' அவுட் ஆன படம்தான் எப்போதும் அடிவாங்கும். செய்தால் துணிந்து செய்யுங்கள்.

தற்செயலா ஒண்ணு அழகா வந்துடுச்சு. அதை என் வேலைன்னு சொல்லிக்கலாமா?

தாராளமாக. கேமரனுக்குக் கிடைத்த முதல் மங்கல்களும் தற்செயல்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். அவர் அதைத் தொடர்ந்து, வேண்டுமென்றே செய்தார். உங்களுக்கு வந்ததன் செட்டிங்கைப் பாருங்கள்: ஷட்டர் எவ்வளவு, ஃபோகஸ் எங்கே விழுந்தது, மூன்று மங்கல்களில் எது? திரும்பச் செய்ய முடிந்தால், ஏன் செய்கிறோம் என்றும் தெரிந்தால், அது உங்களுடையது.

கூட ஒரு குறிப்பு எழுதி வச்சாதான் புரியுதுன்னா அந்தப் படம் தோல்விதானே?

வெஸ்லி தன் படத்துக்கு வைத்த தலைப்பு ஷட்டர் திறந்த தேதியும் மூடிய தேதியும், கூடவே இடத்தின் பெயரும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் அது குழம்பிய கட்டிடப் படம். அந்த வரியோடு அது ஏறக்குறைய மூன்றாண்டு. ஆகவே சொல் வரலாம். எப்படி எடுக்கப்பட்டது என்ற தகவலாக வரட்டும். இந்தப் படத்தைப் பார்த்து நீங்கள் இப்படி உணர வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதி மாட்டினால் நான் படத்தைவிட்டு விலகிவிடுவேன்.

திரையில நல்லா இருக்கு, பிரின்ட் போட்டா கெட்டுப்போகுதே?

வெளிறிய படத்திலும் இருண்ட படத்திலும் பிரின்ட்தான் கடைசிச் சோதனை. முழு வெள்ளையான இடத்தில் பிரின்டர் மையே போடாது. வெறும் காகிதம் தெரியும், படத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும். வெள்ளையை, கம்ப்யூட்டர் கணக்கில் முழு வெள்ளையின் எண்ணான 255-ல் விடாமல் 245, 250-க்கு இறக்குங்கள், அல்லது மெல்லிய கோடு ஒன்றை ஓரத்தில் விடுங்கள். இருண்ட படத்தில் நிழல்கள் மையில் அடைத்துக்கொள்ளும். பளபளக்காத காகிதத்தில் இன்னும் அதிகம். கருப்பைக் கொஞ்சம் தூக்கி, சிறிய துண்டாக இரண்டு மூன்று அளவில் சோதனைப் பிரின்ட் எடுத்து, படம் மாட்டப்போகும் இடத்தின் விளக்கிலேயே வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். லேபில் கொடுக்கும்போது 'ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம்' என்று கவரிலேயே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் யோசித்து ஏற்றியதையும் இறக்கியதையும் அங்கே இருக்கும் மெஷின் மறுபடியும் சாம்பலுக்குக் கொண்டுவந்துவிடும்.